நீ சொன்னாய், எனக்கு வந்து சேரவில்லை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம் ஆகிறது என்ற வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குத் தெரியவே தெரியாது. அடுத்த வரியில், "நீ ஒரு வார்த்தை கேட்பாய் என்று நினைத்தேன், பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறாய். அதை எப்படிப் பரவாயில்லை என்று விடுவது? நான்கு வருஷம் ஒரே அறையில் இருந்தவர்கள் நாம். நீ செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே உனக்கு உடம்பு சரியில்லை என்று கண்டுபிடித்தவள் நான். அப்படிப்பட்டவளுக்கு உன் ஆபரேஷன் தெரியாமல் போனது எப்படி என்று இரண்டு நாள் உட்கார்ந்து தேடினேன். தேடிக் கண்டதை எல்லாம் உனக்குச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. கடிதம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

முதலில் சமூக வலைத்தளத்தில் உன் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். பதிவு அங்கே இருக்கிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நீ நிற்கும் படம், மேலே "இன்று முதல் நடை" என்று ஒரே ஒரு வரி. 41 லைக், 16 கமெண்ட். அன்று நானும் அந்தத் தளத்தைத் திறந்திருக்கிறேன். எப்படித் தெரியும் என்றால், துருப்பிடித்த பழைய கத்தி ஒன்றை ஒருவர் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வீடியோவை முழுசாகப் பார்த்துவிட்டு அதைத் தங்கைக்கு அனுப்பினேன். அந்த மெசேஜில் தேதி இருக்கிறது, அதே நாள். தளத்தைத் திறந்ததும் ஓடுகிற பதிவு வரிசையை ஃபீட் என்கிறார்கள். முகம் தெரியாத ஒருவர் கத்தி தேய்த்ததை எனக்குக் காட்டிய அந்த ஃபீட், நீ எழுந்து நடந்ததைக் காட்டவில்லை.

ஒரு காலத்தில் இது இப்படி இருக்கவில்லை. ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் 2016 வரை நேர வரிசைப்படிதான் காட்டின. கடைசியாக எழுதியவர் மேலே, முன்னால் எழுதியவர் கீழே. கீழே போய்க்கொண்டே இருந்தால் விட்ட இடம் வந்துவிடும், அதோடு போனை வைத்துவிடலாம். அந்த வருஷம் மார்ச்சில் வரிசையை மாற்றப்போவதாக இன்ஸ்டாகிராம் அறிவித்தபோது சொன்ன காரணம், சராசரியாக ஒருவர் தன் ஃபீடில் 70 சதவீதத்தைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார் என்பது. பேஸ்புக் அதற்கும் முன்னாலேயே, 2013-இல், ஒருவர் உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் அவருக்குக் காட்டத் தகுந்த பதிவுகள் சராசரியாக 1,500 இருக்கின்றன என்று சொல்லியிருந்தது. அவ்வளவையும் யாராலும் படிக்க முடியாதுதான். எதையாவது முன்னால் வைத்துத்தானே ஆக வேண்டும் என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது.

ஆனால் எதை முன்னால் வைப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? ஒவ்வொரு பதிவுக்கும் மதிப்பெண் போடுகிறது கணினி போடும் ஒரு கணக்கு, அல்காரிதம் என்கிறார்களே அது. இவள் இதற்கு லைக் போடுவாளா, கமெண்ட் எழுதுவாளா, பகிர்வாளா, எத்தனை நொடி நிற்பாள் என்று முன்கூட்டியே ஊகித்து, அந்த ஊகத்தின்படி வரிசைப்படுத்துகிறது. ஊகிப்பதற்கு அதன் கையில் முக்கியமாக இருப்பது நாம் முன்பு அங்கே செய்ததுதான். 2017-லிருந்து பேஸ்புக்கில் ஒரு கோப முகத்துக்கு ஐந்து லைக்குக்குச் சமமான எடை கொடுத்திருந்தார்கள் என்பது, 2021-இல் அங்கே முன்பு வேலை பார்த்த பிரான்சிஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்த உள் ஆவணங்களிலிருந்து தெரிந்தது. அதற்கு முந்தைய வருஷமே கோபத்தின் எடையைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். இருந்தாலும் யோசித்துப் பார், இப்படி எடை போடும் இடத்தில் வாக்கரைப் பிடித்தபடி சத்தமில்லாமல் நிற்கும் ஒருத்தியின் படத்துக்கு என்ன எடை கிடைத்துவிடும்!

இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. நமக்குள் லைக் போட்டுக்கொள்ளும் பழக்கமே கிடையாது. உன் மகள் பட்டம் வாங்கிய படத்தைப் பார்த்த அன்று நான் எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை. உடனே உன்னைக் கூப்பிட்டு முக்கால் மணி நேரம் பேசினேன், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேரும் அழுதோம். அந்த முக்கால் மணி நேரம் அந்தக் கணக்கில் இல்லை. அங்கே பதிவாகியிருப்பது, படத்தைப் பார்த்தாள், ஒன்றும் செய்யாமல் வெளியே போனாள் என்பது மட்டும். கத்தி தேய்த்தவருக்கோ மூன்று நிமிஷம் முழுசாகக் கொடுத்து, இன்னொருத்திக்கும் அனுப்பியிருக்கிறேன். அந்தக் கணக்குப்படி அவர் எனக்கு வேண்டியவர், நீ யாரோ. ஒருவருக்கு ஒருவர் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்கு அங்கே தடயம் விடாமல் இருந்திருக்கிறோம். உன் படத்துக்குக் கமெண்ட் போட்ட 16 பேரையும் பார்த்தேன். பாதிப்பேரை உனக்கே நேரில் தெரியாது என்று நினைக்கிறேன். அவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறது.

இதைவிட எனக்கு வலிப்பது இன்னொன்று. முன்பு ஒரு சேதி சொல்ல வேண்டும் என்றால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று மனசில் ஒரு பட்டியல் ஓடும். இவளுக்கு எழுதியாச்சு, அவருக்கு போன் பண்ணியாச்சு, இன்னும் அண்ணிக்குச் சொல்லவில்லை என்று. யாராவது விட்டுப்போனால் விட்டுப்போனது நமக்கே தெரியும். இப்போது ஒரு பதிவு போட்டவுடன், எல்லாருக்கும் சொல்லியாச்சு என்று மனசு அடங்கிவிடுகிறது. நீயும் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தாய், உன்மேல் தப்பே இல்லை. பார்க்காத எனக்கோ, நான் எதையோ பார்க்கவில்லை என்பதே தெரியாது. கடிதம் வராமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்டிருப்பேன். ஃபீடில் அப்படி ஒரு வெற்றிடம் கண்ணில் படுவதே இல்லை. நீ இருந்திருக்க வேண்டிய இடத்தில் உடனே வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. இப்படியே நீ ஏழு வாரம் என்மேல் வருத்தத்தோடு இருந்திருக்கிறாய், நான் ஏழு வாரம் ஒன்றும் அறியாமல் இருந்திருக்கிறேன்.

இது நம் இரண்டு பேரின் கதை மட்டும் இல்லை. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின்மேல் ஒரு வழக்கு போட்டிருந்ததல்லவா, இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் வாங்கிப் போட்டியை ஒழித்தார்கள் என்று? 2025 ஏப்ரலில் விசாரணை நடந்தது. அதில் மெட்டாவே காட்டிய புள்ளிவிவரம் இது. பேஸ்புக்கில் மக்கள் செலவிடும் நேரத்தில் நண்பர்களின் பதிவுகளைப் பார்ப்பது இரண்டே வருஷத்தில் 22 சதவீதத்திலிருந்து 17 ஆகிவிட்டது, இன்ஸ்டாகிராமில் 11-லிருந்து 7. நாங்கள் இப்போது நண்பர்களை இணைக்கும் இடம் மட்டும் இல்லை, டிக்டாக்கோடும் யூடியூப்போடும் போட்டி போடுகிறவர்கள் என்பது அவர்கள் வாதம். நவம்பரில் நீதிபதி அதை ஏற்று அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அந்த 7 சதவீதத்தைப் படித்தபோது எனக்கு உன் படம்தான் நினைவுக்கு வந்தது. நண்பர்களோடு தொடர்பில் இருக்கலாம் என்று சொல்லி நம்மை அழைத்துப் போன இடம் அது. அந்தப் புள்ளிவிவரப்படி நூறு நிமிஷத்தில் ஏழு நிமிஷம்தான் நண்பர்களுக்கு.

மீதி நேரத்தில் என்ன ஓடப்போகிறது என்பதும் தெரிய ஆரம்பித்துவிட்டது. 2025 செப்டம்பரில் அதே மெட்டா 'வைப்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய குட்டிக்குட்டி வீடியோக்கள் மட்டுமே ஓடும் ஃபீட். கத்தி தேய்த்தவராவது ஒரு மனுஷர்.

சரி, இனி என்ன செய்வது? அங்கே இருக்கும் உன் பக்கத்தையே மூடிவிடவா என்று கேட்டிருந்தாய். மூட வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். உன் பழைய மாணவர்கள் உன்னை அங்கேதான் கண்டுபிடித்தார்கள், அந்த வாசலை ஏன் அடைக்க வேண்டும்? பதிவுகளைப் பார்க்கும் விதத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள். நேர வரிசையில் பார்க்கும் வசதி இப்போது திரும்ப வந்திருக்கிறது. இன்ஸ்டாகிராமில் 2022 மார்ச்சில் 'ஃபாலோயிங்' என்றும் 'ஃபேவரிட்ஸ்' என்றும் இரண்டு கொண்டுவந்தார்கள். இரண்டாவதில் 50 பேர் வரை நாமே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளலாம். அந்த வருஷம் ஜூலையில் பேஸ்புக்கிலும் 'ஃபீட்ஸ்' என்று ஒரு பகுதி வந்தது. சிக்கல் என்னவென்றால் செயலியை மூடித் திறந்தால் மறுபடி அவர்கள் வரிசைதான் முன்னால் நிற்கும், ஒவ்வொரு முறையும் நாம் தேடிப் போக வேண்டும். நெதர்லாந்தில் ஒரு டிஜிட்டல் உரிமை அமைப்பு இதை எதிர்த்தே நீதிமன்றம் போனது. ஒருவர் நேர வரிசையைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தேர்வு அப்படியே நிலைக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் மெட்டாவுக்கு உத்தரவிட்டது. அந்த நாட்டுப் பயனர்களுக்கு மட்டும்தான் அது, இருந்தாலும் படித்தபோது மனசுக்கு நன்றாக இருந்தது.

வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கலாமே என்று யாராவது உன்னிடம் சொன்னால் கேட்காதே. அங்கே வரிசையை யாரும் மாற்றுவதில்லைதான், ஆனால் நான் பாதிக் குழுக்களை மியூட் செய்து வைத்திருக்கிறேன். நீயும் அப்படித்தான் செய்திருப்பாய். எனக்கென்று அனுப்பு. உடம்பு சம்பந்தப்பட்டது, வீடு மாறுவது, மனசு சரியில்லாதது எல்லாம் எனக்குத் தனியாக வர வேண்டும். "ஆபரேஷன், செவ்வாய்" என்று இரண்டு சொல் போதும். நானும் அப்படியே செய்கிறேன். இந்த இரண்டு நாளில் ஒரு காகிதத்தை எடுத்து, எனக்கு ஒன்று என்றால் நானே நேரடியாகச் சொல்ல வேண்டியவர்கள் யார் என்று எழுதிப் பார்த்தேன். பதினொரு பேர் வந்தார்கள். அவர்களில் நான்கு பேரோடு பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர்கள் படங்களை அவ்வப்போது பார்த்துக்கொண்டிருந்ததால் பேசிக்கொண்டிருப்பதாகவே நினைத்துவிட்டேன். நேற்று அந்த நான்கில் ஒருவரைக் கூப்பிட்டேன். குரலே மாறிப்போயிருந்தது.

அப்புறம், போன் மெதுவாகிவிட்டது, மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. முதலில் செட்டிங்ஸில் பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று பார். லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கினாலே தளர்ந்துவிடும். சில போன்கள் பேட்டரி தளர்ந்தால் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். பேட்டரியை மட்டும் மாற்றினால் இன்னும் இரண்டு வருஷம் ஓடும். பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது என்றால் மட்டும் புதிது வாங்கு, ஏனென்றால் உன் பேங்க் கணக்கும் அதில்தான் இருக்கிறது. வாங்கும்போது எத்தனை வருஷம் அப்டேட் தருவார்கள் என்று கேட்டு வாங்கு. 2023-இல் கூகுளின் பிக்சல் 8-உம், அடுத்த ஜனவரியில் சாம்சங் எஸ்24-உம் ஏழு வருஷம் என்று சொல்லி வந்தன. கேமராவைவிட அது முக்கியம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன்னைக் கூப்பிடுகிறேன். முழங்கால் எத்தனை டிகிரி வரை மடங்குகிறது, படி ஏறுகிறாயா, ராத்திரி வலி இருக்கிறதா, பிசியோதெரபிஸ்ட் என்ன சொல்கிறார், எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்து சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் உன்னோடு யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி