சுண்ணாம்பு வேலையை நீங்களே சொல்லிக்கொடுங்கள், அப்பா

லூயிவில், கென்டக்கி
ஆகஸ்ட் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் நாங்கள் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துக்கொண்டே நாளை ஓட்ட வேண்டாம், சேலத்துக்கு இறங்கி டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

தம்பி போனில் சொன்னான். நம் கோயிலை ஒட்டியிருக்கிற பழைய பள்ளிக்கூடத்தைச் சீர்படுத்த, வருகிற மே மாதம் சேலத்திலிருந்து வாலிபர் ஐக்கியப் பிள்ளைகள் ஏற்காட்டுக்கு வருகிறார்களாம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, மேலே டிஸ்டெம்பர் அடித்துவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு அடிபடுகிறது என்றான் பாருங்கள், அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, பார்ப்போம்" என்று முடித்துவிடுவீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூன் மாதம் எங்கள் சபைப் பிள்ளைகளோடு நானும் பெரியவனும் மிஷன் ட்ரிப் போய்வந்தோம். இங்கே கோடை விடுமுறை வந்தால் சபைகள் வாலிபப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கஷ்டப்படுகிற ஊர்களுக்குப் போய் வீடு, கட்டடம் பழுதுபார்த்துக் கொடுக்கிற வழக்கம் உண்டு. இதே கென்டக்கியில் பார்பர்வில் என்ற ஊர்ப் பக்கம் 1969-ல் டெக்ஸ் எவன்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர் ஐம்பது பேரைச் சேர்த்து நாலு குடும்பங்களின் வீட்டைச் சரிசெய்து கொடுத்தாராம். அப்பலாச்சியா சர்வீஸ் ப்ராஜெக்ட் என்று அது இன்றைக்கும் நடக்கிறது. நாங்கள் அவர்களோடு போகவில்லை, எங்கள் சபையாகவே போனோம். வழிமுறை மட்டும் கிட்டத்தட்ட அதேதான்.

செலவுக்குப் பணத்தைப் பிள்ளைகளே திரட்ட வேண்டும். கோயில் வாசலில் கார் கழுவினார்கள், ஞாயிறு காலையில் பான்கேக் சுட்டு விற்றார்கள். பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்களின் பிள்ளைகளும் அதில் உண்டு. தாங்களே திரட்டிய காசைக் கட்டிவிட்டு, பள்ளிக்கூட ஜிம்மில் தரையில் படுத்துக்கொண்டு, காலை ஏழு மணிக்கு இடிபாடு அள்ளப் போகிறார்கள். வேலைக்கு ஆள் வைக்கிற வீட்டுப் பிள்ளை சட்டியைத் தூக்குமா என்ற கேள்வியே இங்கே யாருக்கும் எழுவதில்லை. இந்த நாட்டில் எனக்கு ஒத்துக்கொள்ளாத காரியங்கள் பல உண்டு, உங்களுக்கே தெரியும். இது ஒன்றை மனதார மெச்சுகிறேன்.

நாங்கள் போனது கிழக்கே மலைப்பகுதி, நிலக்கரிச் சுரங்கம் மூடிப்போன ஊர். மலை என்றதும் உங்களுக்கு நம் மலைதான் நினைவுக்கு வரும். கென்டக்கியிலேயே உயரமான பிளாக் மவுண்டன் 4,145 அடிதான், நம் சேர்வராயன் மலை 5,300 அடிக்கு மேல் என்று பெரியவன் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஊரில் வரிசையாகப் பூட்டிய வீடுகள். பிள்ளைகள் பிழைப்பைத் தேடிப் பட்டணங்களுக்குப் போய்விட்டார்கள். சுரங்கத் தூசி நுரையீரலில் படிந்த பெரியவர்கள் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸாக ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுத் திண்ணையில் பார்ப்பது வேறாக இருந்தது, அப்பா.

எங்களுக்குக் கொடுத்த வேலை கோயிலுக்குச் சொந்தமான ஒரு பழைய செங்கல் பள்ளிக்கூடம். இப்போது அதில் இல்லாதப்பட்டவர்களுக்கு மளிகைச் சாமான் கொடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு உடனே பெயிண்ட் டப்பாவைத் திறக்க ஆசை. முதல் நாள் மாலை ஊர்க்காரர்கள் எங்களை உட்காரவைத்து, வேகவைத்த பீன்ஸும் மக்காச்சோள ரொட்டியும் கொடுத்துப் பேசினார்கள். அவர்கள் யாரும் பெயிண்டைப் பற்றிக் கேட்கவில்லை. சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவுப்பாதையும், மழைக்கு ஒழுகாத மூலையும் கேட்டார்கள். இதைச் சேலத்துப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஓய்வுநாள் பள்ளி டீச்சரையும், சாயங்காலம் அங்கே டியூஷன் படிக்கிற எஸ்டேட் பிள்ளைகளின் அம்மாக்களையும் கேட்காமல் எந்த வேலையும் தொடங்க வேண்டாம்.

இனிதான் முக்கியமான விஷயம். சில வருடங்களுக்கு முன் அந்த ஊருக்கு வேறொரு குழு வந்து, நல்லெண்ணத்தோடுதான், செங்கல் இடுக்கில் உதிர்ந்துபோன பழைய சுண்ணாம்புக் காரைக்குப் பதில் சிமெண்டை அப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். சிமெண்ட் இன்னும் கெட்டியாக அப்படியே நிற்கிறது. அதைச் சுற்றியிருக்கிற செங்கல் எல்லாம் முகம் பெயர்ந்து உள்வாங்கிக் கிடக்கிறது. கை வைத்தால் சிவப்புத் தூளாகக் கொட்டுகிறது.

எங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அந்த ஊர்க் கொத்தனார், வயதானவர். பேச்சு குறைவு. ஒரு துண்டு பழைய காரையை எடுத்து ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் வைத்து, விரலால் நெரிக்கச் சொன்னார். மாவாகப் போயிற்று. பிறகு சிமெண்ட் துண்டைக் கொடுத்தார், ஒருவராலும் முடியவில்லை. "சுவரில் எது மிருதுவோ அது வழியாகத்தான் ஈரம் வெளியே வரும். காரை மிருதுவாக இருந்தால் காரை போகும், அதை மறுபடி வைக்கலாம். காரை கெட்டியானால் செங்கல் போகும், அதற்கு என்ன செய்வாய்?" என்று கேட்டார். இங்கே பனிக்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரிந்து செங்கல்லை உடைக்கிறது. நம் ஊரில் உறையாது. ஆனால் இரண்டு பருவ மழையும் மூடுபனியும் போதாதா? ஓதம் ஏறி, போக வழியில்லாமல், உப்புப் பூத்து, பூச்சு வயிறு தள்ளி விழும். நீங்கள் எஸ்டேட் பங்களாக்களில் இதை எத்தனை சுவரில் காட்டியிருக்கிறீர்கள்!

சிமெண்டை மெஷின் வைத்து அறுக்க அவர் விடவில்லை. உளியும் சுத்தியலும்தான். இடுக்கு எவ்வளவு அகலமோ அதைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்குத் தோண்டி, தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்து, மெல்லிய கரணையால் சுண்ணாம்புக் கலவையை அடுக்கடுக்காக அழுத்தி வைத்தார்கள். கட்டைவிரல் தடம் பதியாத அளவுக்கு இறுகியதும் கெட்டி பிரஷால் குத்திவிட்டு, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார்கள். பெரியவன் காலையிலிருந்து மதியம் வரை குந்தியிருந்து ஒரு முழம் சுவர் முடித்தான். எழுந்து நின்று அதை அவன் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "எங்க தாத்தாவும் கொத்தனார்தான்" என்று அவரிடம் சொன்னான். அவர் தம் கரணையை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பாதுகாப்பில் கண்டிப்பு. பதினெட்டு வயது ஆகாதவர்களைக் கூரையில் ஏற விடவில்லை. காரை கொத்தும்போது எல்லாருக்கும் மூக்குமூடி. ஜன்னல் சட்டத்தின் பழைய பெயிண்டைப் பிள்ளைகள் தொடவே இல்லை, அதில் ஈயம் இருக்கும். இந்த நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 1978-ல்தான் தடைசெய்தார்கள். நம் பள்ளிக்கூட ஜன்னல்களிலும் பழைய பெயிண்ட் அடுக்கு அடுக்காக இருக்கிறது. காய்ந்த உப்புத்தாள் வைத்துத் தேய்க்க யாரையும் விடாதீர்கள், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்திலேயே வர விடாதீர்கள். நர்ஸாகச் சொல்கிறேன்.

அப்பா, நம் மலையில் சுண்ணாம்பு வேலை தெரிந்த கை இப்போது எத்தனை மிச்சம்? "இந்த வயசுல யாரு என் பேச்சைக் கேக்கப் போறா" என்று சொல்வீர்கள். கேட்பார்கள். அந்த ஊரில் கேட்டார்களே. நீங்கள் சாரம் ஏற வேண்டாம். நாற்காலி போட்டு உட்கார்ந்து பதம் சொல்லுங்கள். கையில் ஓட்டம் இருக்கிற இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக் கரணை பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். கமிட்டியில் யாராவது சிமெண்ட் மூட்டை பேசினால், எஸ்டேட் பங்களாவில் பூச்சு விழுந்த சுவருக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

மே மாதம் வேலை என்றால் இப்போதே நினைத்தால்தான் ஆகும். முதலில் மங்களூர் ஓடு உடைந்த இடத்தை மாற்றி, தண்ணீர் இறங்கும் தகரக் கால்வாயைச் சரிசெய்ய வேண்டும். வடக்குச் சுவரில் குவிந்திருக்கிற மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். அதெல்லாம் முடியாமல் சுவரைத் தொட்டால் பணமும் பாடும் வீண். காப்பிப் பழம் எடுக்கத் தொடங்கிவிட்டால் நவம்பரிலிருந்து ஆள் கிடைக்க மாட்டார்கள், அதற்கு முன்னால் மண் வேலையை முடித்துவிடுங்கள். பொங்கல் கழிந்ததும் குழி வெட்டிச் சுண்ணாம்பை நீற்றிப் போட்டுவிட்டால் மே மாதத்துக்கு வெண்ணெயாக இருக்கும். சுண்ணாம்புக் கல் சங்ககிரிப் பக்கம் கிடைக்கும், காரையில் சேர்க்கிற கடுக்காய்க்குக் கல்வராயன் மலையில் சொல்லிவைக்கலாம், அதோடு சேர்க்கிற வெல்லம் நம் சேலத்திலேயே. கோடை விழா நேரத்தில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நகராது, சாமான் எல்லாம் ஏப்ரலுக்குள் மேலே வந்துவிடட்டும்.

சுண்ணாம்புக்கும் கடுக்காய்க்கும் ஆகிற செலவை நான் அனுப்புகிறேன். பெயிண்ட், பேனர், டி-சர்ட் செலவுக்கு என் பணத்தைத் தொட வேண்டாம் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கமிட்டி கூடுவதற்கு முன்பே நீங்கள் ஆயர் ஐயாவை நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். இந்தக் கடிதத்தையும் கையோடு கொண்டுபோய்க் காட்டலாம்.

அடுத்த மே மாதம் லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் பெரியவனோடு வருகிறேன். அவனுக்கு ஒரு கரணை எடுத்து வையுங்கள், உங்கள் பழையதே போதும். அம்மாவுக்கும், பெரியம்மா வீட்டாருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்