எழுத வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் சேர்த்து

அன்புள்ள ஊர்ச் சனங்களுக்கும், சிங்கப்பூரில் இருக்கும் தம்பிமார்களுக்கும், முகம் தெரியாமலே பணம் அனுப்பிய எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு வேண்டுகோள். என் தம்பி மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் படமும் என் ஜிபே எண்ணும் சேர்ந்த செய்தி இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து இனி யாரும் பணம் அனுப்ப வேண்டாம். வேண்டிய அளவு கிடைத்துவிட்டது. போன வாரம்கூட திருநெல்வேலியிலிருந்து ஒருவர் 500 ரூபாய் அனுப்பியிருந்தார். திருப்பி அனுப்பிவிட்டு, உங்களுக்குத் தெரிந்த வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொன்னேன். உங்கள் கைக்கு அந்தச் செய்தி வந்தால் மேற்கொண்டு பகிராமல் அழித்துவிடுங்கள்.

இந்த மடலைச் சித்திரையிலேயே எழுதியிருக்க வேண்டும். ஐந்து மாதம் ஆகிவிட்டது. உட்கார்ந்து எழுத மனசும் நேரமும் சேர்ந்து கிடைக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரமங்கலத்துக்குப் பக்கம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது எங்கள் தோப்பில் நின்ற அறுபத்து மூன்று தென்னையில் ஒன்பதுதான் மிச்சம். மறுபடி வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. அந்த ஒன்பது மரத்துக்கு என்று ஆள் தேடினால் கிடைப்பதில்லை. அதனால் வெட்டுக்கு வரும்போதெல்லாம் தம்பியே காலில் தளைக்கயிற்றை மாட்டிக்கொண்டு ஏறிவிடுவான். பங்குனி மாதம் ஒரு சனிக்கிழமை காலையும் அப்படித்தான் ஏறினான். ஏழு மரம் முடித்துவிட்டு எட்டாவதிலிருந்து இறங்கும்போது, இன்னும் இருபது அடி இருக்கையில் கை நழுவிவிட்டது. வரப்பின் மேல் உட்கார்ந்த வாக்கில் விழுந்தான்.

சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். "அக்கா, கால் இருக்கிறதே தெரியல" என்றான். நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கப் போய்விட்டார்கள். அன்போடுதான் குனிந்தார்கள், யாரையும் குறை சொல்லவில்லை. நானே அவன் தோளுக்கு அடியில் கை கொடுத்துவிட்டேன். அப்போது பக்கத்துத் தோப்பிலிருந்து பட்டாளத்துச் சித்தப்பா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "தூக்காதீங்க! யாரும் தொடாதீங்க!"

சித்தப்பா, முதல் நன்றி உங்களுக்குத்தான். மாட்டுக் கொட்டகையின் தட்டிக் கதவைக் கழற்றி வரச் சொன்னீர்கள். தலைக்கு இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்தீர்கள். ஒருவர் தலையைப் பிடிக்க, மற்ற மூவரும் தோள், இடுப்பு, கால் என்று பிடித்துக்கொண்டு, நீங்கள் எண்ணியதும் ஒரே நேரத்தில் கட்டையைப் புரட்டுவது போலப் புரட்டிக் கதவின் மேல் படுக்க வைத்தார்கள். 108 வண்டி வரும்வரை அவன் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, தலையை அசைக்க விடாமல் வெயிலில் மண்டி போட்டிருந்தீர்கள். அப்புறம் திருச்சியில் அறுவை செய்த மருத்துவர், இவனை எப்படித் தூக்கி வந்தீர்கள் என்று கேட்டார். கதவு விஷயத்தைச் சொன்னேன். "அதனால்தான் காலில் கொஞ்சமாவது உணர்ச்சி மிச்சம் இருக்கிறது" என்றார். உடைந்த எலும்பு அசைந்தால் உள்ளே இருக்கும் தண்டுவடத்தை இன்னும் நசுக்கிவிடுமாம். இதைப் படிக்கிறவர்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்தவரை அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். பலகை கொண்டு வாருங்கள்.

அன்று மாலைக்குள் ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். மார்புப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில் எல்1 என்ற எலும்பு நொறுங்கி, அதில் ஒரு துண்டு பின்னால் தள்ளி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. சிறுநீர் தானாக வரவில்லை, குழாய் போட்டுவிட்டார்கள். அரசு மருத்துவமனையில் பணியில் இருந்த இளம் மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எவ்வளவு சீக்கிரம் அழுத்தத்தை எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது, இங்கே அறுவை அரங்கு கிடைக்கச் செவ்வாய் ஆகிவிடும், முடிந்தால் திருச்சிக்குக் கொண்டு போங்கள் என்றார். மறைக்காமல் சொன்னதற்கு அவருக்கும் என் நன்றி. போகும் மருத்துவமனைக்குத் தானே போன் போட்டுப் பேசிவிட்டு, குறிப்புகளையும் எழுதிக் கொடுத்தார்.

திருச்சியில் சொன்ன தொகை 3,80,000 ரூபாய். அதில் ஒன்றரை லட்சம் அறுவைக்கு முன்னால் கட்ட வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டார்கள். அங்கேதான் எங்கள் தவறு தெரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு தம்பி தனி ரேஷன் கார்டு வாங்கிவிட்டான், காப்பீட்டில் புதிதாகப் பதியவே இல்லை. வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸில் போய்ப் பதிந்தால் கிடைத்திருக்கும். ஆனால் அது சனிக்கிழமை ராத்திரி, மறுநாள் ஞாயிறு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் எல்லாம் தயவுசெய்து உங்கள் அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள். கல்யாணமாகித் தனியாகப் போன பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பெயரையும் பாருங்கள். நாங்கள் பட்டதை நீங்கள் படக் கூடாது.

அந்த ராத்திரி 10 மணிக்கு என் கையில் 11,000 ரூபாய்தான் இருந்தது.

கடைத்தெருவில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன்தான் முதலில் செய்தி போட்டார். பொய்ச் செய்தி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று, ஸ்கேன் அறிக்கையையும் மருத்துவமனை எழுதிக் கொடுத்த மதிப்பீட்டையும் படம் எடுத்துச் சேர்த்தார். சந்தேகம் கேட்டு வந்த அழைப்புகளையெல்லாம் அவரே எடுத்துப் பேசினார். விடிய விடிய என் போன் ஒலித்துக்கொண்டே இருந்தது. 50 ரூபாய், 101 ரூபாய், 2,000 ரூபாய். 212 பேர். பாதிப் பேரை எனக்குத் தெரியாது.

பங்குனித் திருவிழாவுக்கு ஆடல் பாடல் நிகழ்ச்சி வைக்க எங்கள் ஊர் இளைஞர்கள் 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார்கள். மூன்று வருஷமாகப் பேசிப் பேசி இந்த வருஷம்தான் கூடி வந்த விஷயம் அது. ராத்திரி 11 மணிக்கு அத்தனையையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் திருச்சிக்கே வந்துவிட்டார்கள். தம்பிகளா, அந்தப் பையைப் பிரித்தபோது உள்ளே வரி ரசீதுப் புத்தகம்கூட அப்படியே இருந்தது. எடுத்து வைக்கக்கூட நேரம் பார்க்காமல் கிளம்பியிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் விடுதியிலேயே வசூல் பண்ணி ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் 1,10,000 அனுப்பினார்கள். அவர்கள் என்ன சம்பளத்துக்கு, என்ன வெயிலில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரும் ஆறு வருஷம் அங்கே இருந்தவர்தான்.

அப்புறம் மொய். வெளியூர் ஆட்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம், பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கறிச் சோறு போட்டு எல்லோரையும் அழைப்போம். வந்தவர்கள் மொய் வைப்பார்கள், நோட்டில் எழுதி வைப்போம். பிறகு அவர்கள் விருந்து வைக்கும்போது அதைத் திருப்பி, மேலே கொஞ்சம் சேர்த்தும் செய்ய வேண்டும். கடன்தான், ஆனால் வட்டியில்லாத, ஊரே சேர்ந்து கொடுக்கும் கடன். அப்பா இருந்த காலத்தில் பலருக்கு மொய் செய்திருந்தார். எங்கள் முறை அடுத்த ஆடியில்தான் வருகிறது. ஆனால் அந்த ஞாயிறு காலை பதினேழு குடும்பத்தார், கேட்காமலே, அப்பாவுக்குத் தர வேண்டிய மொய்யை முன்கூட்டியே கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் 1,36,000. விருந்து இல்லை, பந்தல் இல்லை, ஒரு வாய்க் காப்பிகூட அம்மாவால் கொடுக்க முடியவில்லை. அதில் ஒரு பெரியப்பா, அப்பாவோடு வாய்க்கால் தகராறில் பேச்சே இல்லாமல் போனவர். வாசலிலேயே நின்று, நோட்டைப் பார்த்துச் சரியாக எண்ணிக் கொடுத்துவிட்டு, "பயல் எப்படி இருக்கான்?" என்று மட்டும் கேட்டாராம். பெரியப்பா, இப்போது நன்றாக இருக்கிறான். நீங்கள் வந்ததைச் சொன்னபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான்.

ஆனால் என் நெஞ்சில் நிற்பவர்கள் நோட்டில் எழுத வேண்டாம் என்று சொன்னவர்கள். கொடுத்தால் எழுதித்தான் பழக்கம் எங்களுக்கு. எழுதாத பணம் கையில் கனக்கிறது. பூ மார்க்கெட் வியாபாரிகளும் பூ எடுக்கும் பெண்களும் சேர்ந்து 38,540 ரூபாய் கொடுத்தார்கள். பெயர் கேட்டேன், ஒருவரும் சொல்லவில்லை. முல்லை எடுக்கப் போகும் ஓர் ஆத்தா அன்று விடியற்காலை எடுத்த பூவுக்கான கூலி 140 ரூபாயை, பூ கொண்டு போகும் ஈரப் பையிலேயே போட்டு அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். இருட்டில் டார்ச் கட்டிக்கொண்டு குனிந்து எடுத்த பூ. அந்த நோட்டுகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்து மேசையில் காய வைத்தபோது மருத்துவமனை அறைக்குள் முல்லை வாசம் வந்தது. "எழுதாத தாயி, எழுதுனா நீ திருப்பித் தரணும்" என்றாராம். ஆத்தா, நான் எழுதிவிட்டேன். தொகையை எழுதவில்லை, உங்களைப் போலச் சொன்ன எல்லோருடைய பெயரையும் விசாரித்துத் தனி நோட்டில் எழுதி சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஞாயிறு மதியம் 2 மணிக்கு உள்ளே கொண்டு போனார்கள். நாலரை மணி நேரம். எட்டு டைட்டானியம் திருகும் இரண்டு கம்பியும் வைத்து எலும்பை நிறுத்தி, நரம்பை அழுத்திய துண்டை எடுத்தார்கள். ரத்தம் கொடுத்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் அறுவை முடிகிறவரை எங்களோடு மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பெயர் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. மருத்துவர் வெளியே வந்து, "என் வேலையை முடித்துவிட்டேன், நரம்பு விழிக்க நாள் ஆகும், எவ்வளவு விழிக்கும் என்று இப்போது சொல்ல முடியாது" என்றார்.

பத்து நாள் ஒன்றும் இல்லை. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவனைப் புரட்ட வேண்டும், ராத்திரியிலும். தம்பி மனைவியும் நானும் முறை வைத்துக்கொண்டோம். எங்களுக்குப் புரட்டக் கற்றுக்கொடுத்த இரவு நர்ஸ் தங்கச்சிக்குத் தனியாக ஒரு கும்பிடு. பதினோராம் நாள் காலை நான் போர்வையைச் சரிசெய்தபோது வலது காலின் பெருவிரல் அசைந்தது. காற்று என்று நினைத்தேன். "நான்தான்கா" என்றான்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கொடுத்தவர்களுக்குத் தெரிய வேண்டும். மொத்தம் வந்தது 4,45,840 ரூபாய். மருத்துவமனைக்குக் கடைசியில் ஆனது 4,12,600. முதுகுப் பட்டை, காற்றுப் படுக்கை, சக்கர நாற்காலி, வாக்கர், மருந்து எல்லாம் சேர்த்து 24,300. மீதி 8,940 ரூபாய் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டுக்குப் போனது, ஒரு தடவைக்கு 400. ரசீதெல்லாம் டீக்கடை அண்ணனிடம் இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டுவார்.

இப்போது எப்படி இருக்கிறான் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து வேப்பமரம் வரை போய் வருகிறான். இடது பாதம் இன்னும் தொங்குகிறது, அதற்கு ஒரு பட்டை போட்டிருக்கிறோம். சிறுநீருக்குத் தினமும் நாலைந்து தடவை அவனே குழாய் போட்டு எடுத்துக்கொள்கிறான். இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "எழுதுக்கா, நம்மளப் போல விழுந்தவங்க யாராச்சும் படிச்சா வெக்கப்படாம கத்துக்குவாங்க" என்றான். மரம் ஏற முடியாது, இனி ஏறவும் விடமாட்டோம். நடுவில் ஒரு மாதம் யாரோடும் பேசாமல் கிடந்தான். பிசியோதெரபிஸ்ட்தான் ஆய்க்குடி ராமகிருஷ்ணன் ஐயாவைப் பற்றிச் சொன்னார். 1975இல் கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், 1981இல் தென்காசிப் பக்கம் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, 2020இல் பத்மஸ்ரீ வாங்கியவர். தம்பி அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தான். அதற்குப் பிறகுதான் வாக்கரைத் தொட்டான்.

இந்த ஆடியில் மேலத்தெரு மாமா வீட்டு மொய் விருந்து. வருஷா வருஷம் மொய் எழுத உட்காருவது தம்பிதான், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். இந்த முறை அழைப்பு வந்தபோது, உன்னால் உட்கார முடிந்தால் வா, இல்லாவிட்டால் பரவாயில்லை என்றார்கள். முதுகுப் பட்டையைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு மணி நேரம் எழுதினான்.

யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வாருங்கள். சாயங்காலம் 5 மணிக்கு வந்தால் வேப்பமரத்தடியில் நடந்துகொண்டிருப்பான். உங்களைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்ப்பான். கை கொடுத்துத் தூக்க வேண்டாம். அவனே எழுந்துவிடுவான், கொஞ்சம் நேரம் ஆகும்.

இப்படிக்கு,
அவன் அக்கா