மாவட்டத்தின் ஊரகப் பகுதிகளுக்குப் பொதுவான நலவாழ்வு இலக்குகள் வகுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊரகப் பகுதி மக்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: எல்லாத் துறைகளும் சேர்ந்து பொறுப்பேற்கும் நலவாழ்வு இலக்குகளை மக்களைக் கலந்து வகுத்து, ஐந்தாண்டுக் காலம் தொடர்ந்து நிறைவேற்றக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். நான் 31 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். எல்லோருடைய வீட்டுப் படியும் ஏறி இறங்கியவள் என்பதால் இந்த மனுவை எழுதும் பொறுப்பை ஊர் மக்கள் என்னிடம் கொடுத்தார்கள். இதில் உள்ள கோரிக்கைகள் எனக்கு மட்டும் தோன்றியவை அல்ல. விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் ஆசிரியர்களும் கைக்குழந்தையோடு வந்த தாய்மார்களும் ஊர்க் கூட்டங்களில் பேசி, சில நேரம் சண்டையும் போட்டு, ஒருவழியாக ஒப்புக்கொண்டவை. எழுத்து மட்டுமே என்னுடையது.

முதலில் ஒரு மாத்திரை அட்டையைப் பற்றித் தங்களிடம் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் தனியாக வசிக்கும் ஒரு பாட்டியின் வீட்டுக்குப் போயிருந்தேன். ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. “மாத்திரை போடுகிறீர்களா பாட்டி?” என்று கேட்டேன். “தவறாமல் போடுகிறேன் தாயே” என்று சொல்லி, துணி முடிச்சை அவிழ்த்து அட்டையைக் காட்டினார். ஒரு குழி காலியாக இருந்தது. அடுத்ததில் மாத்திரை இருந்தது. அதற்கடுத்தது காலி, பிறகு மறுபடியும் மாத்திரை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு, அட்டையின் கடைசிக்கு வந்ததும் விட்டுவைத்த மாத்திரைகளுக்குத் திரும்பி வருவாராம். ஒரு மாத மருந்தை இப்படி இரண்டு மாதத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். காரணம் கேட்டேன். அவருடைய ஊரிலிருந்து புறப்படும் காலை பஸ் சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே சீட்டுப் பதிவு முடிந்துவிடுகிறது. யாராவது வண்டியில் கூட்டிப்போகும் மாதத்தில்தான் அவரால் மருந்து வாங்க முடியும்.

பிறகு நான் ஒவ்வோர் இடமாகப் போய்க் கேட்டேன். பஸ் குறித்த நேரத்துக்குத்தான் ஓடுகிறது. அந்தத் துறையின் கணக்கு சரி. மருந்து இருப்பில் குறையில்லை. அந்தக் கணக்கும் சரி. முதியோருக்கான உதவித்தொகை மாதம் தவறாமல் வருகிறது, அதுவும் சரி. யாரும் தம் கடமையில் தவறவில்லை. ஆனால் பாட்டிக்கு மாத்திரை நாள் தவறாமல் கிடைக்கிறதா என்று பார்ப்பது மட்டும் எந்தத் துறையின் இலக்கிலும் இல்லை.

இந்த மனுவின் மையம் இதுதான். எங்களுக்குப் புதிதாக ஒரு துறையோ புதிதாக ஒரு திட்டமோ வேண்டாம். இருக்கும் துறைகள் தத்தம் வேலையைக் கணக்கிடுவதோடு நிற்காமல், மக்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதைக் கணக்கிடும் சில இலக்குகளை எல்லோருக்கும் பொதுவாக ஏற்க வேண்டும். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இப்போது ஒவ்வொரு துறையும் தனித்தனி வடம் வைத்திருக்கிறது. எல்லாம் ஒரே தேரில் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க ஆளில்லை.

“உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டால் கட்டடம், சாலை, விளக்கு என்று பட்டியல் வரும். அவையும் தேவைதான். ஆனால் நாங்கள் கேள்வியை மாற்றி, “நன்றாக வாழ்வது என்றால் உங்களுக்கு என்ன?” என்று கேட்டோம். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையில் இருந்து ஒரு முதிய விவசாயி எழுந்தார். “நான் செத்தால் அன்றைக்கே யாருக்காவது தெரிய வேண்டும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு கூட்டத்தின் பேச்சே மாறிவிட்டது.

1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம், நோய் இல்லாதிருப்பது மட்டுமே ஆரோக்கியம் ஆகாது, உடலும் மனமும் சமூக வாழ்வும் நலமாக இருப்பதே ஆரோக்கியம் என்கிறது. பயிற்சிக் காலத்தில் இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினேன். அதன் பொருள் அந்த விவசாயி எழுந்து பேசியபோதுதான் எனக்கு உறைத்தது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று அதே நிறுவனத்தின் ஆணையம் 2025இல் அறிக்கை வெளியிட்டது. இளைஞர்கள் வெளியேறிக்கொண்டே இருக்கும் கிராமங்களில் வாழ்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு வியப்பைத் தராது. ஆகவே எங்கள் முதல் இலக்கு இது: தனித்து வாழும் முதியவர் எவரும் யார் கண்ணிலும் படாமல் இரண்டு நாட்களைக் கழிக்கக் கூடாது. இதற்குப் பெரும் செலவு இல்லை. தபால்காரர், அங்கன்வாடிப் பணியாளர், ரேஷன் கடை ஊழியர், குடிநீர்த் தொட்டி இயக்குபவர் என்று தினமும் தெருவில் நடக்கும் பலர் இருக்கிறார்கள். எந்த வீட்டை யார் பார்ப்பது, கதவு திறக்காவிட்டால் யாருக்குச் சொல்வது என்ற ஒழுங்கு மட்டும் வேண்டும். அந்த ஒழுங்கை ஏற்படுத்தும் அதிகாரம் எங்களிடம் இல்லை, தங்களிடம் இருக்கிறது.

இரண்டாவது இலக்கு அந்த மாத்திரை அட்டை தொடர்பானது. ரத்த அழுத்த நோய் உள்ள பெரியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தெரிந்தவர்களுக்கும் மருந்து இடைவிடாமல் கிடைத்தால்தான் பயன். மருந்து கொடுக்கும் நேரத்தைப் பஸ் நேரத்தோடு பொருத்துங்கள். முடியாவிட்டால் மருந்தை ஊருக்குக் கொண்டுவாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டின் சுரங்கக் கிராமம் ஒன்றில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல மருத்துவம் மிகுதியாகத் தேவைப்படும் இடத்தில்தான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்பது அவர் கண்டுசொன்ன விதி. அரை நூற்றாண்டு கடந்த பிறகும் அந்த விதி எங்கள் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது இலக்கை எழுதும்போது கை தயங்குகிறது. ஆனால் கூட்டங்களில் தாய்மார்கள் இதைத்தான் அழுத்திச் சொன்னார்கள். கடன், விளைச்சல் இழப்பு, குடும்பத்தில் ஒரு சொல் என்று ஏதோ ஒரு கணத்து ஆத்திரத்தில் அல்லது விரக்தியில், வயலுக்கு வாங்கி வைத்த மருந்தால் உயிர் போகிறது. என் பணிக்காலத்தில் அப்படிப்பட்ட வீடுகளுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்தக் கணம் மட்டும் தாண்டியிருந்தால் அவர்களில் பலர் இன்று நம்மோடு இருப்பார்கள் என்பது என் அனுபவம்.

இது தடுக்கக்கூடியது. இலங்கை அதை நடத்திக் காட்டியிருக்கிறது. மிகக் கொடிய நச்சுத்தன்மை உள்ள பூச்சிக்கொல்லிகளை அந்நாடு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 1995க்கும் 2015க்கும் இடையில் அங்கே தற்கொலை விகிதம் 70 சதவீதம் குறைந்தது; சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். தடையால் விளைச்சல் குறைந்ததற்கான அடையாளம் இல்லை. பூச்சிக்கொல்லியை வைத்துப் பூட்ட வீடுகளுக்குப் பெட்டி கொடுத்தால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அதே இலங்கையில் கிராமங்கள் பலவற்றில் பெட்டி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. பெட்டியால் தற்கொலை முயற்சிகள் குறையவில்லை. ஆகவே பெட்டி கேட்டு வரவில்லை. கொடிய நஞ்சுகள் கடைகளில் விற்கப்படாமல் தடுக்க அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். ஏற்கெனவே தடைசெய்யப்பட்டவை மறைமுகமாக விற்கப்படுகின்றனவா என்று வேளாண் துறை இடைவிடாது சோதிக்க வேண்டும். மனம் உடைந்து வருபவரிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்த ஒருவராவது ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும் என்று கோருகிறோம். வேளாண்மை, சுகாதாரம், காவல், கூட்டுறவு ஆகிய நான்கு துறைகளும் சேராமல் இந்த இலக்கை எட்டவே முடியாது.

குடிநீரைக் குறித்த காலத்தில் பரிசோதித்து முடிவை ஊரில் எழுதிவைப்பது, பிள்ளைகள் விளையாட ஊருக்கு ஓர் இடம், பெண்கள் அச்சமில்லாமல் நடக்க வெளிச்சமுள்ள பாதை ஆகியவற்றையும் ஊர்கள் கேட்டிருக்கின்றன. இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

இப்படி மக்கள் மனுக் கொடுத்து ஒரு வட்டாரமே மாறுமா என்ற கேள்வி கூட்டத்திலும் எழுந்தது. மாறியிருக்கிறது. பின்லாந்தின் கிழக்கு எல்லையில் வட கரேலியா என்றொரு மாகாணம் இருக்கிறது. காட்டு வேலையும் பால் மாடுகளும்தான் அந்நாளில் அங்கே பிழைப்பு. 1960களில் அங்குள்ள ஆண்கள் உழைக்கும் வயதிலேயே மாரடைப்பால் இறந்துகொண்டிருந்தார்கள். உலகிலேயே மிக அதிகமான இறப்பு விகிதங்களில் ஒன்று அவர்களுடையது. 1971 ஜனவரியில் மாகாண ஆளுநர், நாடாளுமன்ற உறுப்பினர்கள், பல மக்கள் அமைப்புகளின் பிரதிநிதிகள் ஆகியோர் ஒன்றுசேர்ந்து தேசிய அரசுக்கு ஒரு மனு கொடுத்தார்கள். எல்லாம் அந்த மனுவில்தான் தொடங்கியது.

1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் பொறுப்பில் வேலை தொடங்கியது. புகைபிடித்தல், ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு ஆகிய மூன்றைக் குறைப்பது என்று குறிக்கோளைச் சுருக்கிக்கொண்டார்கள். சுகாதாரச் செவிலியர்கள் ரத்த அழுத்தப் பதிவேட்டைப் பராமரித்தார்கள். மார்த்தா என்ற பெண்கள் அமைப்பு ஊர் ஊராகக் கூடி, கொழுப்பைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டிச் சமைக்கக் கற்றுக்கொடுத்தது. வெண்ணெய் தின்பது குறைந்தால் பால் விவசாயி எங்கே போவார் என்ற நியாயமான கேள்வி வந்தபோது, பால் விவசாயிகள் பெர்ரிப் பழச் சாகுபடிக்கு மாறத் திட்டத்தினர் துணை நின்றார்கள். ரத்தக் கொழுப்பை அதிகம் குறைப்பது எந்த ஊர் என்று கிராமங்களுக்கிடையே போட்டியும் நடத்தினார்கள். முதலில் ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கியது 25 ஆண்டுகள் நடந்தது. அந்தக் காலத்தில் உழைக்கும் வயது ஆண்களிடையே இதய ரத்தக்குழாய் நோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ 73 சதவீதம் குறைந்தது.

இந்த வரலாற்றில் என்னைக் கவர்ந்தது பெர்ரிப் பழம்தான். ஆரோக்கியத்துக்காகத் தொடங்கிய வேலை, விவசாயியின் வருமானத்தைத் தன் கவலையாக எடுத்துக்கொண்டது. தனித்தனித் துறைகளாக நின்றிருந்தால் அது நடந்திருக்காது.

வேல்ஸ் 2015இல் இதற்குச் சட்டமே இயற்றியது. வருங்காலத் தலைமுறையின் நலவாழ்வுக்கான ஏழு இலக்குகளை வகுத்து, உள்ளாட்சி, சுகாதாரம், இயற்கை வளம், தீயணைப்பு ஆகிய அமைப்புகள் ஒவ்வொரு பகுதியிலும் ஒரே மேசையில் உட்கார்ந்து நலவாழ்வுத் திட்டம் தயாரித்து வெளியிட வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. எங்களுக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தங்கள் தலைமையில் துறைகள் கூடும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது.

எனவே தங்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்வது: ஊர்க் கூட்டங்களின் தீர்மானங்களை அடிப்படையாகக் கொண்டு ஐந்து இலக்குகளுக்கு மேல் போகாமல் அறிவியுங்கள். நாற்பது இலக்குகள் இருந்தால் எதற்கும் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். ஒவ்வோர் இலக்குக்கும் ஓர் அலுவலரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் எந்த நாளில் ஏற்றார் என்பதையும் எழுதிவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாத் துறைகளும் கூடும் கூட்டத்தில் ஊர்களின் பிரதிநிதிகள் இருவருக்காவது, அவர்களில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக, இடம் கொடுங்கள். கணக்கை ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதச் செய்யுங்கள். நிலைமை மோசமானாலும் அதையே எழுத வேண்டும். எங்களுக்குக் கசப்பான எண் பரவாயில்லை. பொய்யான எண்தான் வேண்டாம். கணக்கு குறைந்ததற்காகக் களப்பணியாளரைத் தண்டிக்கவும் வேண்டாம். தண்டனைக்குப் பயந்து பதிவேட்டைத் திருத்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் கேட்டுவிட்டு மட்டும் போக வரவில்லை. வீடு வீடாகக் கணக்கெடுக்கப் படித்த இளைஞர்களும் பெண்கள் குழுக்களும் முன்வந்திருக்கிறார்கள். தனித்து வாழும் முதியவர்களின் பட்டியலைச் சில ஊர்கள் தயாரித்தும்விட்டன. அதைத் தாங்கள் நேரம் ஒதுக்கும் நாளில் நேரில் தர விரும்புகிறோம்.

முதல் நடவடிக்கையாக, அந்தப் பாட்டியின் ஊரிலிருந்து புறப்படும் காலை பஸ்ஸை முக்கால் மணி நேரம் முன்னதாக விடவோ, சுகாதார நிலையத்தின் சீட்டுப் பதிவை அதே அளவு நீட்டிக்கவோ உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். அடுத்த மாத மாத்திரைக்கு முன் நடந்தால் நல்லது.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊரகப் பகுதி மக்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்.