கேட்டுவிட்டு எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் கோயில்களில் திருவிழா என்றால், பக்தர்களுக்குச் சமமாகக் கேமராக்காரர்களும் வந்துவிடுகிறார்கள். பால்குடம் எடுக்கும் பெண்ணுக்கு அருள் வந்து, கூந்தல் அவிழ்ந்து, தன்னை மறந்து நிற்கும் நேரத்தில்தான் கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள். கூட வரும் அக்கா துண்டால் மறைத்தால், இந்தப் பக்கம் சுற்றி வந்து எடுக்கிறார்கள். மறுநாள் அது டிக்டாக்கில், கீழே சிரிப்புப் பொம்மைகளோடு.

கேட்டால், "பொது இடம்தானே?" என்பார்கள். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வணிகப் பரிவர்த்தனைகளுக்குத்தான். பொழுதுபோக்குக்குப் படம் எடுப்பவரை அது தொடாது.

ஊர்வலத்தையும் கூட்டத்தையும் எடுக்கட்டும், சரி. பத்திரிகைக்காரர்களையும் நான் சொல்லவில்லை. ஒருவர் முகத்தை மட்டும் எடுத்தால், அப்புறமாவது போய்க் காட்டி, "போடலாமாம்மா?" என்று கேட்கலாமே. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளுக்கும் இதே மரியாதை வேண்டும். பாட்டியை எடுத்த படத்துக்குப் போட்டியில் பரிசே கிடைத்தாலும் பாட்டிக்குத் தகவல் போவதில்லை!

அன்னதானத்துக்கு அழைக்கும் அதே ஒலிபெருக்கியில், கோயில் நிர்வாகங்கள் இதையும் ஒரு வரி சொல்லட்டும்.

வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்