யாரையும் நம்பாவிட்டால் யாருக்கு நட்டம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

"இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடியாது" என்று படித்தவர், படிக்காதவர் எல்லோரும் சொல்கிறோம். இது எவ்வளவு தூரம் உண்மை?

2019-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 40 நாடுகளில் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பர்ஸுகளை, "தெருவில் கிடந்தது, நீங்களே உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்" என்று சொல்லி வங்கி, ஓட்டல், தபால் நிலையம், காவல் நிலையம் போன்ற இடங்களில் கவுன்டரில் இருந்தவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்; சிலவற்றில் பணம் இருந்தது, சிலவற்றில் இல்லை. பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்றுதானே நினைப்போம்? பணமில்லாத பர்ஸுகளில் 40 சதவீதத்துக்குத்தான் உரியவரைத் தேடித் தகவல் போனது, பணம் இருந்தவற்றில் 51 சதவீதத்துக்குப் போனது. மூன்று நாடுகளில் தொகையைக் கூட்டிப் பார்த்தார்கள், அப்போது 72 சதவீதம்! பொருளாதார வல்லுநர்களே இதை எதிர்பார்க்கவில்லை.

சரி, மனிதர்கள் இவ்வளவு நேர்மையானவர்கள் என்றால் ஏன் இத்தனை சந்தேகம்? 1981 முதல் நடந்துவரும் உலக விழுமியங்கள் ஆய்வில் "பெரும்பாலானவர்களை நம்பலாமா" என்று ஒரு கேள்வி உண்டு. நார்வேயில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் நம்பலாம் என்கிறார்கள், கொலம்பியாவில் பத்தில் ஒருவர்கூட அப்படிச் சொல்வதில்லை. இதைப் பிறவிக் குணம் என்று நான் ஏற்க மாட்டேன். ஏமாந்தால் முறையிட இடம் இருக்கிறது, வழக்கு நம் ஆயுளுக்குள் முடியும், தெரிந்தவர் இல்லாமலே ஃபைல் நகரும், பெரிய மனிதருக்கும் சட்டம் அதேதான் என்ற தைரியம் இருக்கிற ஊரில் ஒருவர் முன்பின் தெரியாதவரை நம்பிப் பார்க்கலாம், அது இல்லாத ஊரில் எந்த தைரியத்தில் நம்புவார்?

அப்புறம், நம்பிக்கை இல்லாததன் முழுச் சுமையும் ஏழை மேல்தான் விழுகிறது, இதுதான் எனக்கு ஆறவே இல்லை. வசதியானவருக்கு வக்கீல் இருக்கிறார், சிபாரிசு இருக்கிறது. புதிதாக ஓர் ஊருக்குப் பிழைக்க வந்தவரிடம் வாடகை வீட்டுக்கும் வேலைக்கும் கடனுக்கும் "உனக்கு ஜாமீன் யார், இங்கே யாரைத் தெரியும்" என்று கேட்கிறோம். திறமை இருந்தும் அவர் வாசலோடு திரும்புகிறார், வேலை முதலாளியின் உறவுக்காரருக்குப் போகிறது.

பத்திரிகைகளிடம் ஒரு வேண்டுகோள். மோசடி நடந்த அன்று முதல் பக்கத்தில் போடுகிறீர்கள், போடத்தான் வேண்டும். அந்த வழக்கில் தண்டனை கிடைத்ததா, பணம் இழந்தவருக்குத் திரும்பி வந்ததா என்பதையும் விடாமல் தொடர்ந்து, அதே முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்