பெற்றோருக்கு: காலாண்டுச் செய்திகளும் பாக்ஸிங் பற்றிக் கொஞ்சமும்

அன்புள்ள பெற்றோருக்கும், பிள்ளைகளைக் கூட்டிவந்து விடும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டிலும் பேச்சுப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள், மகிழ்ச்சி. பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பு தொடர்கிறது. கீழ்த்தளக் குழாய்களைச் சரிசெய்தாயிற்று.

சரி, பாக்ஸிங் விஷயத்துக்கு வருகிறேன்.

வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் பாக்ஸிங் யாருக்கும் புதிதில்லை. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ரிங் ஏறியதைக் கதைகதையாகச் சொல்லும் தாத்தாக்கள் இங்கே உண்டு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பிள்ளைகளும் உண்டு. அதனால் பாக்ஸிங்கே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஸ்பாரிங் (ஒருவரோடொருவர் மோதிப் பழகுவது) போட்டுவிட்டு, திங்கட்கிழமை தலைவலி என்று மேசையில் சாய்ந்துகொள்கிறார்கள். கேட்டால், "ராத்திரி தூங்கலை மிஸ்" என்கிறார்கள். போர்டு மங்கலாகத் தெரிகிறது என்ற பிறகுதான் தலையில் குத்து வாங்கிய சங்கதி வெளியே வருகிறது.

"ஹெட்கார்டு போட்டுத்தானே ஆடுறான்" என்று பலர் சொல்கிறீர்கள். ஹெட்கார்டு தோல் கிழியாமல் காக்கும். குடத்துத் தண்ணீர் அலம்புவதுபோல் மூளை உள்ளே குலுங்குவதை அது நிறுத்தாது. மயங்கி விழுந்தால்தான் அடி என்றும் இல்லை. பெரும்பாலான மூளை அதிர்ச்சியில் நினைவு தப்புவதே கிடையாது.

தொடர்ந்து தலையில் குத்து வாங்கிய பாக்ஸர்களுக்குப் பின்னாளில் நடை தள்ளாடுவதை 1928இலேயே ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவிட்டார். தள்ளி மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் தானமளிக்கப்பட்ட மூளைகளை வைத்து பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு 2018இல் வந்தது. மூளைச் சிதைவு இருந்தவர்களில், ஆட்டத்தை மற்றவரைவிட ஒரு வயது முந்தித் தொடங்கியவருக்கு ஞாபகக் குறைவும் கோபமும் சுமார் இரண்டரை வருடம் முன்னாலேயே தலைகாட்டின. நியாயமாகச் சொன்னால், தொல்லை இருந்தவர்கள் குடும்பம்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் தருகிறது; ஆகவே ஆடிய எல்லோருக்கும் அப்படி வரும் என்று அர்த்தமில்லை. தொடங்கும் வயதால் வித்தியாசம் தெரியவில்லை என்ற ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் வாங்கும் அடி வருடக்கணக்கில் சேரச் சேர ஆபத்து கூடும் என்பதில் பெரிய சண்டை இல்லை. எட்டு வயதில் தொடங்கினால் அந்தக் கணக்கும் எட்டு வயதிலேயே தொடங்குகிறது. இங்கிலாந்தில் 2020 முதல் சின்னப் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சியில் பந்தைத் தலையால் முட்ட வைப்பதில்லை. நம் பி.டி. பீரியடிலும் ஐந்தாம் வகுப்பு வரை இனி அப்படித்தான்.

எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ள யாருக்கும் பாக்ஸிங் போட்டிக்கான போனஃபைட் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன். வயதைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டு இனி யாரும் ஆபீஸ் ரூம் பக்கம் வரவேண்டாம், யார் சிபாரிசு ஆனாலும் சரி. தலையில் அடிபட்ட பிள்ளையை மறைத்துப் பள்ளிக்கு அனுப்புவதையும் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அன்றைக்கு டெஸ்ட் இருந்தால் வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கிப்பிங், ஷேடோ (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது), ஃபுட்வொர்க், பஞ்ச் பேக் எல்லாம் தாராளமாகச் செய்யட்டும். தலையில் பட்டால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் ஓய்வு, போன் குறைவாக. டாக்டர் சரி என்ற பிறகே மறுபடி ஆட்டம். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு என்றால் காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"நேத்து தலையில பட்டுச்சு டீச்சர், கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போகும் அம்மாக்களுக்கு என் நன்றி. பொடிசுகளுக்குத் தலையில் குத்து கூடாது என்று தாமாகவே நிறுத்திய கோச்களுக்கும் நன்றி. பெற்றோர் கூட்டத்தில் பி.டி. சாரும் இருப்பார். கேள்வி, கோபம் எதுவானாலும் அங்கே பேசலாம், டீ உண்டு.

அன்புடன்,
தலைமையாசிரியர்