வின்செஸ்டரில் பம்பு ஏன் போதவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயம் பற்றிய கட்டுரையில், வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவர் தனியாளாக அதைக் காப்பாற்றினார் என்று வந்திருந்தது. அவர் உழைப்பு பெரிது, சந்தேகமில்லை. ஆனால் கடைக்கால் வேலைக்கு முக்குளிப்பவர் எதற்கு என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை.

1079இல் தொடங்கிய பேராலயத்தின் கிழக்குப் பகுதி 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீட்டிக் கட்டப்பட்டது. ஆற்றோர நிலம், தோண்டினால் உடனே ஊற்று. கெட்டியான சரளை வரை கடைக்கால் குழி தோண்ட முடியாமல், பீச் (beech) மரத்தடிகளைப் பரப்பி அவற்றின் மேல் சுவரை எழுப்பினார்கள். அடியில் இருந்ததோ மக்கிய செடிகொடிகளாலான மெத்தென்ற கரிமண். அது அமுங்க அமுங்கச் சுவரும் சாய்ந்தது. 1905இல் விரிசல்கள் அச்சுறுத்தும் அளவுக்கு வந்துவிட்டன.

முதலில் முட்டுக் கொடுத்து, விரிசல்களுக்குள் நீர்த்த சிமெண்டுக் குழம்பை அழுத்தத்தில் செலுத்தினார்கள். பிறகு சுவருக்கடியில் குறுகலான குழிகளைப் பகுதி பகுதியாகத் தோண்டினார்கள். கரிமண்ணை வெட்டியதும் நீர் பீறிட்டது. பம்பு வைத்து இறைத்தால் நீரோடு நுண்மண்ணும் கிளம்பி வரும். சுவருக்கடியில் பொந்து விழும். அதனால்தான் பொறியாளர் பிரான்சிஸ் பாக்ஸ், நீரை அப்படியே விட்டு ஆளை இறக்கச் சொன்னார். 1906 முதல் 1911 வரை வாக்கர் நாளொன்றுக்குச் சுமார் 6 மணி நேரம், 6 மீட்டர் ஆழம் வரை, கலங்கிய இருட்டில் கையால் தடவியே கரிமண்ணை வெட்டி எடுத்தார். சரளை தென்பட்டதும் கான்கிரீட் மூட்டைகளை அடுக்கிக் கிழித்துவிட்டார். அது இறுகி ஊற்றை அடைத்த பிறகே குழியை இறைத்தார்கள். மேலே பழைய சுவர் வரை கான்கிரீட் கட்டிகளையும் செங்கல்லையும் வைத்துக் கட்டியவர்கள் கொத்தனார்கள். மொத்தக் கணக்கு: 25,800 மூட்டை, 1,14,900 கட்டி, 9 லட்சம் செங்கல். ஏறக்குறைய 150 பேர் சேர்ந்து செய்த வேலை இது. அவர்களையும் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

நிலவறையில் நீர் நிற்கும் படத்தைப் போட்டு 'பராமரிப்புக் குறைவு' என்று எழுதியதும் சரியல்ல. அங்கே நிற்பது நிலத்தடி நீர். மழைக்காலத்தில் மட்டம் உயரும்போது தரை வழியாகவே உள்ளே வரும். மேலே வழிபாடும் பாடகர் குழுவின் இசையும் வழக்கம்போல் நடக்கின்றன. படத்தில் குனிந்து நிற்கும் உருவம் ஆண்டனி கோர்ம்லி செய்த சிலை. குளிர்காலத்தில் அதன் கால்கள் நீருக்குள் இருக்கும். நேரில் காணப் போகிறவர்கள் அந்த மாதங்களில் போவது நல்லது.

இப்படிக்கு,
கட்டுமானத் துறை வாசகர் ஒருவர்,
திருச்சி